ரெனோவின் தையல்காரர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஜீன்ஸ் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரருக்கு ஒரே ஒரு பத்தி கொடுத்திருந்தீர்கள். பாக்கெட் முனையில் செம்பு ரிவெட்டை, அதாவது துணியைக் கவ்விப் பிடிக்கும் சின்ன ஆணியை, முதலில் அடித்தவர் அவர்தான் என்றும், காப்புரிமைக்காக 68 டாலர் செலவழிக்கச் சொல்லித் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார் என்றும் சொல்லியிருந்தீர்கள். அடுத்த வரியில் "நீண்ட, நிறைவான வாழ்க்கை வாழ்ந்து 1908இல் இறந்தார்" என்று முடித்துவிட்டீர்கள். அந்த ‘நிறைவான’ என்ற சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

என் அப்பாவும் தையல்காரர்தான். பதினாறு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி சிங்கப்பூர் வந்தவர். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் நாற்பது வருடத்துக்கு மேல் தைத்தார். கப்பல் பட்டறையில் வேலை செய்தவர்கள் அவரைத் தேடி வருவார்கள். முட்டிக்கு இரட்டைத் துணி, ஸ்பேனர் வைக்கத் தொடையில் ஒரு நீளப் பாக்கெட் என்று அவராக யோசித்து ஒரு கால்சட்டை தைத்தார். அது நன்றாக ஓடியது. முதலாளி அதைக் கடையின் ‘ஸ்பெஷல்’ என்று பலகை எழுதி மாட்டினார். அப்பாவுக்குக் கிடைத்தது உருப்படிக் கூலி. இன்றுவரை அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. கேட்டால் சிரிக்கிறார்.

டேவிஸின் கதையும் இதேதானே? கண்டுபிடித்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. உலகம் முழுக்க ‘லீவைஸ்’ என்கிறார்கள், ‘டேவிஸ்’ என்று யாரும் சொல்வதில்லை. அவர் ஏமாற்றப்பட்டார் என்று எழுதாமல், நிறைவாக வாழ்ந்தார் என்று எப்படி எழுதினீர்கள்?

அன்புடன்,
ம., சிங்கப்பூர்

---

அன்புள்ள ம.,

அந்த ஒற்றை வரி அவசரத்தில் எழுதியது. எழுபத்தேழு வருட வாழ்க்கையை அப்படி முடித்திருக்கக் கூடாது. உங்களுக்கு உறுத்தியது நியாயம்தான். ஆனால் அவர் ஏமாற்றப்பட்டவர் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் அவருடைய கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பிறந்தது 1831இல், பால்டிக் கடலோரத்து ரீகா நகரத்தில். இன்று அது லாட்வியாவின் தலைநகரம். அன்று ரஷ்யப் பேரரசர் ஆட்சியில் இருந்தது. யூதக் குடும்பம். பிறந்தபோது வைத்த பெயர் ஜேக்கப் யூஃபெஸ். 1854இல், இருபத்துமூன்று வயதில் நியூயார்க் வந்து இறங்கினார். அமெரிக்காவில் அந்தக் குடும்பப் பெயரை விட்டுவிட்டு டேவிஸ் ஆனார். கையில் இருந்த தொழில் தையல். கத்தரி, ஊசி, அளவு நாடா எல்லாம் ஒரு பையில் அடங்கிவிடும், எந்த ஊரில் போய் இறங்கினாலும் மறுநாளே வேலைக்கு உட்காரலாம். இது நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இரண்டு வருடத்தில் சான்ஃபிரான்சிஸ்கோ போனார். அங்கிருந்து கலிஃபோர்னியாவின் வடக்கே, தங்கம் தோண்டுகிறவர்களின் ஊரான வீவர்வில். 1858இல் எல்லை தாண்டி மேற்குக் கனடாவுக்குப் போய்விட்டார். அந்த வருடம்தான் ஃபிரேசர் ஆற்றில் தங்கம் இருக்கிறது என்று செய்தி பரவி ஆயிரக்கணக்கானவர்கள் வடக்கே கிளம்பினார்கள். கனடாவில் ஏறத்தாழ ஒன்பது வருடம் இருந்தார். பெரும்பாலும் ஆற்று மணலை அரித்துத் தங்கம் தேடும் வேலை. அங்கேதான் ஆனி என்ற ஜெர்மன் பெண்ணைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார். அவரும் குடியேறி வந்தவர்தான். இருவருக்கும் ஆறு பிள்ளைகள்.

தங்கம் பெரிதாக எதையும் கொடுக்கவில்லை. 1867 தொடக்கத்தில் குடும்பத்தோடு சான்ஃபிரான்சிஸ்கோ திரும்பினார். சில மாதங்களில் நெவாடாவின் வர்ஜீனியா சிட்டி. வெள்ளிச் சுரங்கங்களால் கொழித்துக்கொண்டிருந்த ஊர் அது. அங்கே சுருட்டுக் கடை வைத்தார். நிற்கவில்லை, மறுபடியும் தையலுக்கு வந்தார். 1868இல் ரெனோ. அந்த வருடம் மே மாதம்தான் ரயில் நிறுவனம் மனைகளை ஏலம் விட்டு அந்த ஊரே உருவாகியிருந்தது. அங்கே ஒருவரோடு சேர்ந்து பீர் ஆலையில் பணம் போட்டார். அதுவும் போயிற்று. 1869இல் மறுபடியும் ஊசியைக் கையில் எடுத்தார்.

இந்த வரிசையைச் சற்று நிறுத்திப் பாருங்கள். தங்கம், சுருட்டு, பீர். பதினொரு வருடமாக அந்த மனிதர் தையலை விட்டு வெளியே போகப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் தையல்தான் அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டிருக்கிறது. இடையில் குடும்பம் பெருகிக்கொண்டே போகிறது, ஊர் மாறும்போதெல்லாம் ஆனியும் குழந்தைகளும் கூடவே போகிறார்கள். முப்பத்தெட்டு வயதில் ரெனோவில் அவர் கடை போட்டு உட்கார்ந்தபோது அதைத் தோல்வி என்றுதான் நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், அவர் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு ஊரிலும் கையிலிருந்ததை இழந்தவர், பழைய தொழிலிலேயே மறுபடி உட்காரும்போது வேறு என்ன நினைப்பார்?

ஜீன்ஸ் கதை சொல்கிறவர்கள் எல்லோரும் வேகமாகத் தாண்டிப்போகும் இடம் ஒன்று உண்டு. ரெனோவில் அவர் பெரும்பாலும் தைத்தது கோட்டும் சூட்டும் அல்ல. கூடாரம், வண்டிக்குப் போடும் மூடுதுணி, குதிரைக்குப் போர்த்தும் கம்பளம். சென்ட்ரல் பசிபிக் ரயில் பாதையில் வேலை செய்தவர்களுக்குத் தேவையான சாமான்கள். கித்தான் போன்ற தடித்த துணி, கனத்த நூல், தோல் வார். குதிரைக் கம்பளத்தில் வாரைப் பொருத்துவதற்குச் செம்பு ரிவெட் அடிப்பார். நூல் மட்டும் போட்டால் குதிரை ஒரு தடவை உதறினாலே பிய்ந்துவிடும். சூட்டு மட்டுமே தைக்கிற தையல்காரரின் மேஜையில் ரிவெட்டுக்கு என்ன வேலை? டேவிஸின் மேஜையில் அது கிடந்தது. வயிற்றுப்பாட்டுக்காகக் கௌரவமில்லாத தையல் வேலைகளை ஏற்றுக்கொண்டதால்தான் கிடந்தது.

1870-71 குளிர்காலத்தில் ஒரு பெண் கடைக்கு வந்தார். கணவர் மரம் வெட்டுகிறவர், பெரிய உடம்புக்காரர். கால்சட்டை எதுவும் அவருக்கு நிற்பதில்லை, கிழிந்துகொண்டே இருக்கிறது, கெட்டியாக ஒன்று தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். மூன்று டாலரை முன்பணமாகவே கொடுத்தார். டேவிஸ் வெள்ளை டக் துணியில் தைத்தார். டக் என்பது நெருக்கமாக நெய்த தடித்த பருத்தித் துணி. அதை அவர் வாங்கியது சான்ஃபிரான்சிஸ்கோவின் மொத்த வியாபாரிகளான லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்திடம். கால்சட்டை முடிந்துவிட்டது. ரிவெட் மேஜைமேல் கிடந்தது. அதை வைத்துப் பாக்கெட்டைப் பிடித்துவிடலாமே என்று அப்போது தோன்றியது, அதற்கு முன் அப்படி யோசித்ததே இல்லை. பின்னாளில் நீதிமன்றத்தில் அவர் சொன்ன சாட்சியத்தின் சாரம் இது. பெரிய ஞானம் பிறந்தது போலெல்லாம் அவர் பேசவில்லை.

அந்த முனை ஏன் கிழிகிறது என்று உங்கள் அப்பா என்னைவிடத் தெளிவாகச் சொல்லுவார். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பாக்கெட்டின் நடுத்துணி கிழிவதில்லை. கையை விட்டு எடுக்கும்போது, சாமானைத் திணிக்கும்போது, இழுப்பு முழுவதும் தையல் முடிகிற மூலையில் போய் நிற்கிறது. கடைசி நூல் அறுந்தால் அடுத்த நூல், அப்புறம் அடுத்தது என்று வரிசையாகப் பிரிந்துகொண்டு போகும். தையல்காரர் செய்யக்கூடியது அந்த இடத்தில் இன்னும் நாலு தையல் போடுவது. ஆனால் ஊசி இறங்கும் ஒவ்வொரு முறையும் துணியில் ஒரு ஓட்டை விழுகிறது. அளவு மீறிப் போட்டால் தபால்தலையின் ஓரம் மாதிரி, கிழிவதற்கு நாமே கோடு போட்டுக் கொடுத்ததாகிவிடும். ரிவெட்டுக்கு ஒரே ஓட்டை. மேலும் கீழும் செம்பு வட்டம் துணியைக் கவ்விப் பிடிக்கிறது. இழுப்பு ஒரு நூலில் நிற்காமல் சுற்றியுள்ள துணி முழுவதற்கும் பரவிவிடுகிறது. கம்மர் வேலையில் இருந்த விஷயம் தையலுக்குள் வந்தது, அவ்வளவுதான். ஆனால் குதிரைக் கம்பளத்துக்கு அடித்ததை மனிதனின் பாக்கெட்டுக்கும் அடிக்கலாம் என்று அதுவரை காப்புரிமை கேட்டு யாரும் வரவில்லை.

விளம்பரம் எதுவும் இல்லை. போட்டவரைப் பார்த்து இன்னொருவர் கேட்டு வந்தார். ஒன்றரை வருடத்தில் ஏறத்தாழ இருநூறு கால்சட்டை விற்றார்.

இனி அந்தக் கடிதம். உங்கள் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

1872 ஜூலையில் டேவிஸ் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்துக்கு எழுதினார். கூடவே இரண்டு கால்சட்டைகளையும் மாதிரிக்கு அனுப்பினார், ஒன்று நீலம், ஒன்று டக். கடிதம் முழுக்க எழுத்துப்பிழை. ரகசியம், கால்சட்டை, ரிவெட், பாக்கெட் என்ற நான்கு சொற்களையுமே ஒரே வாக்கியத்தில் தப்பாக எழுதியிருக்கிறார். வேற்றுமொழியில் வாழ்ந்து, கேட்ட ஓசையை வைத்து எழுதுகிற ஒருவரின் கடிதம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் இளகிவிடும். ஆனால் பிழைகளைத் தாண்டி அவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

டக் கால்சட்டை மூன்று டாலர், நீலம் இரண்டரை டாலர் என்று விற்கிறேன், கேட்டு வருகிறவர்களுக்குத் தைத்து மாளவில்லை என்கிறார். பக்கத்துக் கடைக்காரர்களுக்குப் பொறாமை வந்துவிட்டது, காப்புரிமை எடுக்காவிட்டால் எல்லோரும் இதையே தைக்க ஆரம்பித்துவிடுவார்கள், அப்புறம் இதில் பணம் இருக்காது என்கிறார். கடைசியில் தன் நிபந்தனையைச் சொல்கிறார். காப்புரிமையை நீங்கள் செலவு செய்து எடுங்கள், செலவு சுமார் 68 டாலர் ஆகும், ஆனால் அது என் பெயரில் இருக்க வேண்டும், ஏனென்றால் இதைக் கண்டுபிடித்தவன் நான். அதற்குப் பதிலாகப் பசிபிக் கடலோர மாநிலங்களிலும் பிரதேசங்களிலும் விற்கும் உரிமையில் பாதியை உங்களுக்குத் தருகிறேன்.

ம., ஏமாறப்போகிற ஒருவர் இப்படி எழுதுவாரா? சந்தை எப்படிப் போகும் என்று தெரிந்திருக்கிறது. தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்திருக்கிறது. பெயரை முதலிலேயே கேட்டு வாங்குகிறார். எதில் பாதி, எந்த ஊர்களுக்குப் பாதி என்று எல்லை போட்டுப் பேசுகிறார். தங்கத்திலும் சுருட்டிலும் பீரிலும் கையைச் சுட்டுக்கொண்ட ஒரு குடும்பஸ்தர், இந்தத் தடவை கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க வழி தேடுகிறார். தன் சரக்கு எதிலிருந்து வருகிறதோ அந்தத் துணிக்கடைக்கே எழுதியதும் யோசித்துச் செய்ததுதான். துணி அவர்களிடம் இருக்கிறது, விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவரை அவர்களுக்குத் தெரியும்.

காப்புரிமை அலுவலகம் உடனே கொடுத்துவிடவில்லை. ரிவெட் புதிது இல்லையே என்று மறுத்தார்கள். விண்ணப்பத்தைத் திருத்தித் திருத்தி அனுப்ப வேண்டியிருந்தது. கடைசியில் 1873 மே 20ஆம் தேதி கிடைத்தது. எண் 139,121. பாக்கெட் வாயை இறுக்கும் முறையில் ஒரு மேம்பாடு என்பது அதன் தலைப்பு. கண்டுபிடித்தவர் ஜேக்கப் டபிள்யூ. டேவிஸ், ரெனோ, நெவாடா. உரிமை அவருக்கும் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்துக்கும். அந்தக் காகிதத்தில் கண்டுபிடித்தவராக லீவை ஸ்ட்ராஸின் பெயர் இல்லை. டேவிஸ் கேட்டதை எழுத்தில் வாங்கிவிட்டார்.

அதே வருடம் குடும்பத்தோடு சான்ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். தயாரிப்பு முழுக்க அவர் மேற்பார்வை. ஆரம்பத்தில் துணியை வெட்டிக் கொடுத்துப் பெண்கள் வீட்டிலேயே தைத்துத் தருகிற ஏற்பாடு, அப்புறம் தொழிற்சாலை. அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. அதற்கப்புறம் ஊர் மாறவில்லை, தொழில் மாறவில்லை. கால்சட்டை, வேலைச் சட்டை, ஓவரால் என்று முப்பத்தைந்து வருடம், சாகும்வரை அதே நிறுவனத்தில் இருந்தார். அதற்கு முந்தைய இருபது வருட அலைச்சலைப் பார்த்தால் இந்த முப்பத்தைந்து வருடத்தின் அருமை தெரியும். ஆறு பிள்ளைகளும் ஒரே ஊரில் வளர்ந்தார்கள். ‘நிறைவான’ என்று நான் எழுதியபோது மனதில் இருந்தது இதுதான். விளக்காமல் விட்டது என் தப்பு.

1874இல் ஒரு வழக்கு வந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவில் வேறொரு நிறுவனம் இதே மாதிரி ரிவெட் அடித்து விற்க ஆரம்பிக்கவே, டேவிஸும் ஸ்ட்ராஸும் நீதிமன்றம் போனார்கள். மரம்வெட்டியின் மனைவி, மூன்று டாலர், மேஜையில் கிடந்த ரிவெட் எல்லாம் அந்த வழக்கில் டேவிஸ் கொடுத்த சாட்சியத்திலிருந்து வருபவை. 1906 ஏப்ரலில் நிலநடுக்கமும் தீயும் சான்ஃபிரான்சிஸ்கோவை அழித்தபோது பேட்டரி தெருவில் இருந்த நிறுவனத்தின் கட்டடமும் எரிந்தது, பழைய கணக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாம் அதோடு போய்விட்டன. நீதிமன்றக் கோப்பில் இருந்த பேச்சு தப்பித்தது. யாரோ அந்தக் கால்சட்டையை நகல் எடுத்து விற்றதால்தான் அந்தத் தையல்காரரின் குரல் நம் கைக்கு வந்திருக்கிறது. நகல் எடுத்த அந்த நிறுவனத்துக்கு நான் நன்றிக்கடன்பட்டிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

சரி, அப்படியானால் பெயர் ஏன் நிற்கவில்லை? கால்சட்டையின் பின்னால் வைத்த தோல் பட்டையில் நிறுவனத்தின் பெயர் இருந்தது, அது நின்றது. 1886இலிருந்து இரண்டு குதிரைகள் ஒரு கால்சட்டையைப் பிடித்து இழுக்கும் படமும் சேர்ந்தது. எழுத்துத் தெரியாதவரும் அடையாளம் சொல்லிக் கேட்கலாம். விற்கிறவர் பெயர்தான் ஊருக்குத் தெரியும். 1890இல் காப்புரிமையின் காலம் முடிந்ததும் எல்லோரும் ரிவெட் அடிக்கத் தொடங்கினார்கள், பதினெட்டு வருடம் முன்பு ரெனோவிலிருந்து அவர் எழுதியபடியே. அந்த வருடம்தான் நிறுவனம் தன் கால்சட்டைக்கு 501 என்ற எண்ணைப் போட ஆரம்பித்தது. காப்புரிமை போனபிறகு கையில் மிஞ்சியது பெயர், பட்டை, எண். மூன்றும் நிறுவனத்துடையவை. இதில் வருத்தம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். எனக்கும் இருக்கிறது. ஆனால் வருத்தம் வேறு, ஏமாற்றம் வேறு, ஏமாற்றப்படுவது இன்னும் வேறு.

லீவை ஸ்ட்ராஸ் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அவரும் குடியேறியவர்தான். பவேரியாவில் புட்டன்ஹைம் என்ற சிற்றூரில் 1829இல் பிறந்த யூதர். டேவிஸைவிட இரண்டு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1902இல் இறந்தபோது நிறுவனம் அக்கா மகன்களான, அவருடைய மருமகன்கள் நால்வருக்குப் போயிற்று. டேவிஸுக்கு வேறுவிதமான வாரிசு வந்தது. மகன் சைமன் அப்பாவின் வழியிலேயே அதே தொழிற்சாலையில் மேற்பார்வைக்கு வந்தார். 1912இல் குழந்தைகள் விளையாடும்போது போட்டுக்கொள்ள ஒரே உருப்படியாகத் தைத்த உடை ஒன்று அவர் யோசனையில் வந்து நன்றாக விற்றது. 1935இல் பேரன் பென் டேவிஸின் பெயரிலேயே வேலை உடுப்புகளுக்கு ஒரு நிறுவனம் சான்ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியது. சிரிக்கும் கொரில்லா முகம் அதன் முத்திரை. இன்றும் தொழிலாளர்கள் வாங்கிப் போடுகிறார்கள். ஆக, டேவிஸ் என்ற பெயர் ஒரு பாக்கெட்டின்மேல் வந்து சேர்ந்துவிட்டது. அதற்கு இரண்டு தலைமுறை ஆயிற்று, அவர் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு நான் முழு மனிதரைக் காட்டியதாகாது.

சியரா நெவாடா மலையைக் குடைந்து ரெனோ வழியாகப் பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் தொழிலாளிகளில் பெரும்பான்மையினர் சீனர்கள். அந்தப் பாதையில் வேலை செய்தவர்களுக்குச் சாமான் தைத்துத்தான் டேவிஸ் மீண்டார். 1882இல் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். சான்ஃபிரான்சிஸ்கோ முழுக்க வெறுப்பு கொதித்த காலம் அது. அந்த நாட்களில் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனம், தங்கள் கால்சட்டையைத் தைத்தது வெள்ளைத் தொழிலாளர்கள் மட்டுமே என்று பாக்கெட்டின் உள்துணியில் அச்சடித்து விற்றது. அப்போது தயாரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜேக்கப் டேவிஸ். 1854இல் அவர் வந்து இறங்கியபோது கதவு திறந்திருந்தது. அதே கதவை வேறு குடியேறிகளின் முகத்தில் சாத்தியபோது அவர் உள்ளே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். தன் பாக்கெட் முனைக்காக அவ்வளவு யோசித்தவர் அந்த உள்துணியைப் பார்த்து என்ன நினைத்தார் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். அவர் நல்ல குடும்பஸ்தர், கெட்டிக்காரத் தொழிலாளி என்பதெல்லாம் இதைக் கழுவிவிடாது. என் கட்டுரையின் ‘நிறைவான’ என்ற சொல்லில் எனக்கே பிடிக்காத இடம் இருக்கிறதென்றால் அது இதுதான்.

இனி உங்கள் அப்பா.

நீங்கள் இரண்டு கதையும் ஒன்று என்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை, அப்படிச் சொல்வது உங்கள் அப்பாவுக்குத்தான் அநியாயம். டேவிஸ் பேரம் பேசும் இடத்தில் இருந்தார். சொந்தக் கடை, தன் பெயருக்கு வருகிற வாடிக்கை, கடிதம் எழுதத் தெரிந்த துணிவு, எழுதினால் மதித்துப் படிக்கும் வியாபாரி, காகிதத்தில் பெயர் கேட்க ஒரு சட்டம். இத்தனையும் இருந்ததால் பாதி கிடைத்தது. உங்கள் அப்பா இன்னொருவர் கடையில் உருப்படிக் கூலிக்கு உட்கார்ந்தவர். கேட்டால் வேலை போகும், குடும்பம் என்னாகும் என்ற பயத்தில் கேட்காமல் இருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர் அப்படித்தான் இருந்தாரா, அல்லது கேட்பதே முறையில்லை என்று நினைத்தாரா, அது உங்கள் வீட்டில் தெரியும். ஆனால் முதலாளி பலகை எழுதி மாட்டியபோது இரண்டு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கலாம், கூலியில் ஏதாவது சேர்த்திருக்கலாம். செய்யவில்லை. அதை அநியாயம் என்று நீங்கள் சொல்வது சரி. அதற்கு டேவிஸின் துணை உங்களுக்குத் தேவையில்லை.

அப்பா சிரிப்பதற்கு நான் அர்த்தம் சொல்லப் போவதில்லை. அவரோடு உட்கார்ந்து பேசியவன் இல்லை நான்.

ரெனோவில் டேவிஸின் கடை இருந்த இடத்தில் 2006இல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அவர் செத்துத் தொண்ணூற்றெட்டு வருடம் கழித்து. அதில் எழுதுவதற்குக்கூட, நீதிமன்றத்தில் யாரோ கேள்வி கேட்டு, அவர் பதில் சொல்லி, யாரோ உட்கார்ந்து எழுதிவைத்த பக்கங்கள் வேண்டியிருந்தன. எப்போது தைத்தீர்கள், என்ன துணி, யார் கேட்டார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், மேஜையில் என்ன இருந்தது. இப்படிச் சின்னச் சின்னக் கேள்விகள்.

உங்கள் அப்பாவிடம் அதே கேள்விகளைக் கேளுங்கள். ‘ஏன் சும்மா இருந்தீர்கள்’ என்று கேட்டால் சிரிப்பார். ‘அந்த ஸ்பேனர் பாக்கெட்டின் அடிமுனையை எப்படி முடித்தீர்கள்’ என்று கேட்டுப்பாருங்கள், போனில் பதிவு போட்டுவிட்டு. முதலில் கேட்டு வந்த ஆள் யார், பட்டறையில் என்ன வேலை, முட்டித் துணியை உள்ளே வைத்தாரா வெளியே வைத்தாரா, எந்தத் துணி, கஜம் என்ன விலை. அந்தக் கால்சட்டையில் ஒன்றாவது யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடக்கிறதா என்றும் விசாரியுங்கள். கிடைத்தால் முழுக் கால்சட்டையின் படம் வேண்டாம். பாக்கெட் முனையை மட்டும் உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்.